சுவிட்சு அடுக்கு (கணினி வலையமைப்பு)

சுவிட்சு அடுக்கு என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஈதர்நெட் சுவிட்சுகளைச் சிறப்புக் கம்பிவடங்களால் பிணைத்து, அவை அனைத்தையும் ஒரே கருவி போல் இயங்கச் செய்யும் அமைப்பாகும். அடுக்கில் எத்தனை சுவிட்சுகள் இருந்தாலும் அதற்கு ஒரே பெயர், ஒரே ஐபி முகவரி, ஒரே அமைவடிவக் கோப்பு ஆகியவையே உண்டு. வலையமைப்பு நிருவாகி கட்டளைவரியில் ஒருமுறை நுழைந்து, அடுக்கில் உள்ள எல்லாச் சுவிட்சுகளையும் ஒருசேர மேலாள முடியும்.

சுவிட்சு என்னும் கருவி தமிழில் நிலைமாற்றி என்றும், இலங்கை வழக்கில் ஆளி என்றும் குறிக்கப்படுகிறது. பணியிடங்களில் சுவிட்ச் என்ற சொல்லே வழங்குவதால் இக்கட்டுரையில் அச்சொல் ஆளப்படுகிறது. கட்டளைகள் கணினியில் ஆங்கில எழுத்துகளில் தட்டப்படுபவை. இங்கு அவற்றின் ஒலிபெயர்ப்பு தரப்படுகிறது.

தேவை

ஒரு கல்லூரிக் கட்டடத்தில் 180 கணினிகள் உள்ளன எனக் கொள்வோம். 48 போர்ட்டுகள் கொண்ட சுவிட்சுகள் நான்கு இருந்தால் மொத்தம் 192 போர்ட்டுகள் கிடைக்கும். இந்நான்கும் தனித்தனிக் கருவிகளாக இருந்தால் நான்கு ஐபி முகவரிகள், நான்கு கடவுச்சொற்கள், நான்கு அமைவடிவக் கோப்புகள் தேவைப்படும். ஒரு புதிய மெய்நிகர் உள்ளகப் பிணையத்தைச் சேர்ப்பதற்கு ஒரே வேலையை நான்கு முறை செய்ய வேண்டும். நான்கில் ஒன்றில் ஓர் எண் தவறினாலும் பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

பெரிய நிறுவனங்கள் இதற்குப் பெட்டிவகைச் சுவிட்சுகளைப் பயன்படுத்தின. அவற்றில் ஒரு பெரிய பெட்டியினுள் தேவைக்கேற்பப் போர்ட்டு அட்டைகளைச் செருகிக்கொள்ளலாம். ஆனால் பத்து அட்டைகள் கொள்ளும் பெட்டியை வாங்கி இரண்டு அட்டைகளை மட்டும் செருகுவது சிறிய நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாது. சிறிய சுவிட்சுகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகவும், ஆனால் பெரிய பெட்டியைப் போல் ஒன்றாக மேலாளவும் வழிசெய்வதே அடுக்கின் நோக்கம்.

வரலாறு

ஈதர்நெட் 1973 ஆம் ஆண்டு செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் உருவாக்கப்பட்டது. பல போர்ட்டுகளுக்கு இடையே ஒரே நேரத்தில் தரவுப் பொதிகளைக் கடத்தும் முதல் ஈதர்நெட் சுவிட்சை 1990 இல் கல்பனா என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. லாரி பிளேர், இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ் ஆகியோர் நிறுவிய இந்நிறுவனத்துக்குப் பரத்வாஜின் மனைவியின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. பல இணைப்புகளைச் சேர்த்து ஓர் இணைப்பாகப் பயன்படுத்தும் ஈதர்சேனல் நுட்பமும் இந்நிறுவனத்திலேயே தோன்றியது. 1994 இல் சிஸ்கோ நிறுவனம் கல்பனாவை வாங்கியது.

2003 இல் சிஸ்கோ வெளியிட்ட காட்டலிஸ்ட் 3750 தொடர், ஸ்டாக்வைஸ் என்னும் அடுக்கு நுட்பத்துடன் வந்தது. இதில் ஒன்பது சுவிட்சுகள் வரை ஒரே அடுக்காக இணையலாம். சுவிட்சுகளுக்கு இடையேயான வளையத்தின் வேகம் நொடிக்கு 32 கிகாபிட்டு. 2008 இல் ஜூனிப்பர் நிறுவனம் தனது இஎக்ஸ் 4200 தொடரில் பத்துச் சுவிட்சுகள் வரை இணைக்கும் வெர்ச்சுவல் சேசிஸ் நுட்பத்தைக் கொண்டுவந்தது. எச்3சி நிறுவனத்தின் ஐஆர்எஃப் என்பதும் இவ்வகை நுட்பமே. இவை ஒவ்வொன்றும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. ஒரு நிறுவனத்தின் சுவிட்சை மற்றொரு நிறுவனத்தின் அடுக்கில் சேர்க்க இயலாது.

இயங்கும் முறை

வளையம்

காட்டலிஸ்ட் 3750 இல் ஒவ்வொரு சுவிட்சின் பின்புறத்திலும் இரண்டு அடுக்குப் போர்ட்டுகள் உள்ளன. முதல் சுவிட்சிலிருந்து இரண்டாவதற்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கும் எனக் கம்பிவடம் செல்லும். கடைசிச் சுவிட்சிலிருந்து மீண்டும் முதல் சுவிட்சுக்கு ஒரு கம்பிவடம் வந்து வளையத்தை நிறைவு செய்யும். ஒரு கம்பிவடம் அறுந்தாலும் மறுபக்க வழியாகத் தரவு செல்வதால் அடுக்கு பிரிவதில்லை. வேகம் மட்டும் பாதியாகக் குறையும். இக்கம்பிவடங்கள் அரை மீட்டர், ஒரு மீட்டர், மூன்று மீட்டர் நீளங்களில் மட்டுமே கிடைத்தன. எனவே இவ்வகை அடுக்கு பெரும்பாலும் ஒரே ரேக்கில் அல்லது அடுத்தடுத்த ரேக்குகளில் அமைக்கப்படும்.

தலைமைச் சுவிட்சும் உறுப்புச் சுவிட்சுகளும்

அடுக்கில் உள்ள சுவிட்சுகளுள் ஒன்று தலைமைச் சுவிட்சாகும். பிற யாவும் உறுப்புச் சுவிட்சுகள். நிருவாகி தட்டும் கட்டளைகளைத் தலைமைச் சுவிட்சே ஏற்று நிறைவேற்றுகிறது. அமைவடிவக் கோப்பும் அதனிடமே இருக்கும். ஆனால் அதன் படி ஒவ்வோர் உறுப்புக்கும் அனுப்பப்பட்டிருக்கும். தலைமைச் சுவிட்சு பழுதடைந்தால் உறுப்புகளுள் ஒன்று அப்படியைக் கொண்டு தலைமையேற்கும்.

தலைமையைத் தேர்ந்தெடுக்கச் சில விதிகள் உள்ளன. 3750 தொடரில் அவற்றுள் முதன்மையானவை வருமாறு:

- ஏற்கெனவே தலைமையில் இருக்கும் சுவிட்சு தலைமையில் நீடிக்கும்.
- அவ்வாறு எதுவும் இல்லையெனில் முன்னுரிமை எண் மிகுந்த சுவிட்சு தலைமையேற்கும். இவ்வெண் 1 முதல் 15 வரை அமையலாம். தொடக்கத்தில் எல்லாச் சுவிட்சுகளிலும் 1 என இருக்கும்.
- முன்னுரிமையும் பிற தகுதிகளும் சமமானால் மேக் முகவரி எண் சிறியதாக உள்ள சுவிட்சு தலைமையேற்கும்.

மேக் முகவரி தொழிற்சாலையில் இடப்படுவது. ஆகவே நிருவாகி முன்னுரிமை எண்ணைத் தானே இடாவிட்டால், எந்தச் சுவிட்சு தலைமையேற்கும் என்பது தற்செயலாகவே முடிவாகும். பெரும்பாலும் முன்னதாகத் தயாரிக்கப்பட்ட பழைய சுவிட்சு தலைமையேற்கும் நிலை இதனால் உண்டாவதுண்டு.

உறுப்பு எண்

ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஓர் உறுப்பு எண் உண்டு. போர்ட்டுகளின் பெயர் இவ்வெண்ணை வைத்தே அமைகிறது. எடுத்துக்காட்டாக, கிகாபிட் ஈதர்நெட் 2/0/14 என்பது இரண்டாம் உறுப்பின் பதினான்காம் போர்ட்டைக் குறிக்கும்.

அடுக்கைப் பற்றிய பெரும்பாலான குழப்பங்கள் இவ்விடத்தில் தோன்றுகின்றன. போர்ட்டுகளின் அமைவடிவம் அடுக்கின் பொதுக் கோப்பில் உள்ளது. ஆனால் உறுப்பு எண்ணும் முன்னுரிமை எண்ணும் அக்கோப்பில் இல்லை; அவை அந்தந்தச் சுவிட்சின் அழியா நினைவகத்தில் உள்ளன. ஒரு சுவிட்சின் அமைவடிவக் கோப்பை முற்றிலும் அழித்தாலும் இவ்விரு எண்களும் அழிவதில்லை. பழைய அடுக்கிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்த சுவிட்சு, பல ஆண்டுகள் கழித்து எடுக்கப்படும்போதும் தன் பழைய எண்களுடனேயே வரும்.

கட்டளைவரி மேலாண்மை

அடுக்கில் கட்டளைவரி வழியாக நுழைய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, எஸ்எஸ்எச் நெறிமுறை மூலம் அடுக்கின் ஐபி முகவரிக்கு வலையமைப்பு வழியாகச் செல்வது. முன்பு பரவலாகப் பயன்பட்ட டெல்நெட் நெறிமுறையில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் செல்வதால் அது தவிர்க்கப்படுகிறது. மற்றொன்று, கன்சோல் போர்ட்டில் மடிக்கணினியை நேரடியாக இணைப்பது. எந்த உறுப்பின் கன்சோல் போர்ட்டில் இணைத்தாலும் தலைமைச் சுவிட்சின் கட்டளைவரியே திரையில் தோன்றும்.

சிஸ்கோ அடுக்குகளில் மிகுதியாகப் பயன்படும் கட்டளைகள்:

- ஷோ சுவிட்ச்: உறுப்புகளின் எண், பங்கு, மேக் முகவரி, முன்னுரிமை, தற்போதைய நிலை ஆகியவற்றைப் பட்டியலிடும்.
- ஷோ சுவிட்ச் ஸ்டாக்-போர்ட்ஸ்: அடுக்குக் கம்பிவடங்கள் இயங்குகின்றனவா எனக் காட்டும்.
- சுவிட்ச் 1 பிரையாரிட்டி 15: முதல் உறுப்பின் முன்னுரிமையை 15 ஆக்கும். ஏற்கெனவே உள்ள தலைமையை இக்கட்டளை உடனே மாற்றாது. அடுத்த தேர்தலிலேயே பயன் தரும்.
- சுவிட்ச் 1 ரீநம்பர் 3: உறுப்பு எண்ணை 1 இலிருந்து 3 ஆக மாற்றும். அச்சுவிட்சு மறுதொடக்கம் ஆன பின்னரே மாற்றம் நடைமுறைக்கு வரும்.
- சுவிட்ச் 3 புரொவிஷன்: இனி வரவுள்ள மூன்றாம் உறுப்பின் மாதிரியைக் குறிப்பிட்டு, அதன் போர்ட்டுகளுக்கான அமைவடிவத்தை முன்கூட்டியே எழுதி வைக்க உதவும்.
- ரீலோட் ஸ்லாட் 3: மூன்றாம் உறுப்பை மட்டும் மறுதொடக்கம் செய்யும்.

இறுதிக் கட்டளையில் ஸ்லாட் 3 என்ற பகுதியை விட்டுவிட்டு ரீலோட் என்று மட்டும் தட்டினால் அடுக்கு முழுவதும் மறுதொடக்கம் ஆகும். தனிச் சுவிட்சுகளில் பழகியவர்கள் அடுக்கில் செய்யும் பொதுவான பிழைகளுள் இதுவும் ஒன்று. முன்னுரிமைக் கட்டளை தட்டப்படும் இடமும் தொடருக்குத் தொடர் வேறுபடும். 3750 தொடரில் அது அமைவடிவ நிலையில் தட்டப்படுவது. 3850, 9300 தொடர்களில் அதற்கு முந்தைய சிறப்புரிமை நிலையில் தட்டப்படுவது.

புதிய சுவிட்சைச் சேர்த்தல்

இயங்கிக்கொண்டிருக்கும் அடுக்கில் புதிய சுவிட்சு ஒன்றைச் சேர்ப்பதே மிகுந்த கவனம் தேவைப்படும் பணியாகும். புதிய சுவிட்சின் மின்சாரம் அணைக்கப்பட்டிருக்கும்போது கம்பிவடத்தை இணைத்து, பின்னர் அதனை இயக்கினால், அது ஏற்கெனவே உள்ள தலைமையை ஏற்று உறுப்பாகச் சேரும். பிற சுவிட்சுகளின் பணி தடைப்படாது.

மாறாக, மின்சாரம் இயங்கும் நிலையிலேயே புதிய சுவிட்சை இணைத்தால் விளைவு வேறாகும். தனித்து இயங்கும் சுவிட்சு, தன் ஓருறுப்பு அடுக்குக்குத் தானே தலைமையாக இருக்கும். ஆகவே இரண்டு தலைமைகள் சந்திக்கின்றன. இருவருக்கும் இடையே தேர்தல் நடைபெறுகிறது. புதிய சுவிட்சின் முன்னுரிமை எண் மிகுதியாக இருந்தால் அதுவே வெல்லும். தோற்ற அடுக்கின் சுவிட்சுகள் அனைத்தும் மறுதொடக்கம் ஆகி, வென்ற சுவிட்சின் அமைவடிவத்தை ஏற்கும். வென்றது எதுவும் எழுதப்படாத வெற்றுச் சுவிட்சானால், கட்டடம் முழுவதன் வலையமைப்பும் ஒரே நேரத்தில் தன் அமைவடிவத்தை இழக்கும். அலமாரியில் இருந்த பழைய சுவிட்சு முன்பு ஓர் அடுக்கின் தலைமையாக இருந்து, 15 என்ற முன்னுரிமையைத் தாங்கியிருக்கும் வாய்ப்பு உண்டு என்பதால் இது வெறும் கற்பனை இடர் அன்று.

இதனைத் தவிர்க்கும் முறையான வரிசை வருமாறு:

1. அடுக்கின் அமைவடிவக் கோப்பை வேறொரு கணினியில் படியெடுத்து வைத்தல்.
2. புதிய சுவிட்சைத் தனியே மேசையில் இயக்கி, மென்பொருள் பதிப்பு அடுக்கில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா எனப் பார்த்தல். ஒத்திராவிட்டால் அது அடுக்கில் முழுமையாகச் சேராமல் பதிப்பு வேறுபாட்டு நிலையில் நின்றுவிடும்.
3. அதே மேசையில் அதன் முன்னுரிமையை 1 ஆகவும், உறுப்பு எண்ணை அடுக்கில் காலியாக உள்ள எண்ணாகவும் மாற்றுதல்.
4. அடுக்கில் அவ்வெண்ணுக்குரிய புரொவிஷன் கட்டளையையும் போர்ட்டு அமைவடிவங்களையும் எழுதுதல்.
5. புதிய சுவிட்சின் மின்சாரத்தை அணைத்து ரேக்கில் பொருத்துதல்.
6. வளையத்தில் ஓரிடத்தில் மட்டும் கம்பிவடத்தைக் கழற்றி, அவ்விடைவெளியில் புதிய சுவிட்சை இணைத்தல். இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் கழற்றினால் அடுக்கு இரண்டாகப் பிரிந்துவிடும்.
7. மின்சாரத்தை இயக்கி, ஷோ சுவிட்ச் கட்டளையில் புதிய உறுப்பு ஆயத்த நிலையை அடைந்ததைக் கண்ட பின், அமைவடிவத்தைச் சேமித்தல்.

அடுக்குப் பிளவு

வளையம் இரண்டு இடங்களில் அறுந்தால் அடுக்கு இரண்டாகப் பிரியும். தலைமை இல்லாத பகுதி தனக்கென ஒரு தலைமையைத் தேர்ந்துகொள்ளும். இரு பகுதிகளிடமும் ஒரே அமைவடிவப் படி இருப்பதால், ஒரே ஐபி முகவரியுடன் இரண்டு அடுக்குகள் வலையமைப்பில் தோன்றும். பிற கருவிகள் எதற்குப் பொதிகளை அனுப்புவது என அறியாமல் தடுமாறும். நிருவாகியும் தாம் எந்தப் பகுதியின் கட்டளைவரியில் நுழைந்துள்ளோம் என்பதை உடனே உணர முடியாது.

எச்3சி நிறுவனத்தின் நுட்பத்தில் இதனைக் கண்டறியும் தனி வசதி உள்ளது. இரண்டு தலைமைகள் உண்டானால் ஒரு பகுதியின் போர்ட்டுகளை அது அடைத்துவிடும். ஜூனிப்பர் அடுக்குகளிலும் பிளவைக் கண்டறியும் வசதி உண்டு. ஆனால் இரண்டே உறுப்புகள் கொண்ட அடுக்கில் அதனை நிறுத்தி வைக்கும்படி அந்நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஏனெனில் அவ்வசதி இயங்கினால், ஒரு சுவிட்சு பழுதாகும்போது நல்ல நிலையில் உள்ள மற்றதும் தன்னை ஒதுக்கிக்கொள்ள நேரலாம்.

மின்தடையும் தேர்தலும்

அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் அணைந்து மீளும்போது புதிய தேர்தல் நடைபெறும். இதில் பங்கேற்கக் குறுகிய கால அளவு மட்டுமே உண்டு. 3750 தொடரில் அது 20 வினாடிகள். 3850 தொடரில் 120 வினாடிகள். அந்நேரத்துக்குள் இயங்கத் தொடங்காத சுவிட்சு, எவ்வளவு உயர்ந்த முன்னுரிமை கொண்டிருந்தாலும் அத்தேர்தலில் சேராது, உறுப்பாகவே சேரும். சுவிட்சுகள் வெவ்வேறு மின்கலத் தொகுப்புகளில் இணைக்கப்பட்டிருந்தால் அவை வெவ்வேறு நேரங்களில் இயங்கத் தொடங்கி, எதிர்பாராத சுவிட்சு தலைமையேற்கும். மழைக்காலத்தில் அடிக்கடி மின்தடை ஏற்படும் மலைப்பகுதிகளில் இது கருதத்தக்கது.

மலையுயரமும் இக்கருவிகளின் தாங்குதிறனைப் பாதிக்கும். உயரம் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால் விசிறிகளின் குளிர்விக்கும் ஆற்றல் குறையும். காட்டலிஸ்ட் 9300 தொடருக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம் வரை 45 பாகை செல்சியசும், 3000 மீட்டர் வரை 40 பாகை செல்சியசும் மேல் வரம்பாகக் குறிக்கப்பட்டுள்ளன. கொடைக்கானல் நகரம் 2000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கு நிலவும் குளிர்ந்த காலநிலையில் இவ்வரம்பு இடையூறாவதில்லை.

தொலைவும் எல்லையும்

செம்புக் கம்பிவடங்களால் ஆன அடுக்கு ஓர் அறைக்குரியது. ஊர்களை இணைப்பதற்குரியது அன்று. பழனி மலையில் உள்ள போளூர் போன்ற சிற்றூர்களுக்கு வலையமைப்பு கண்ணாடி இழை அல்லது வானொலி அலை வழியாகவே சென்றடைய முடியும். ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்க இந்திய அரசு 2011 இல் ஒப்புதல் அளித்த திட்டம் பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் இத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்தைச் செயற்படுத்தத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் 2018 இல் தொடங்கப்பட்டது. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளை இணைப்பது அதன் இலக்காக அறிவிக்கப்பட்டது.

ஓர் ஊரின் பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ இழை வந்து சேர்ந்த பின், அதனைக் கட்டடத்தினுள் பல கணினிகளுக்குப் பகிரும் இடத்தில்தான் சுவிட்சுகள் பயன்படுகின்றன. அங்கு வலையமைப்பு வல்லுநர் ஒருவர் எப்போதும் இருப்பதில்லை. கட்டளைகள் நகரத்திலிருந்தே தட்டப்படுகின்றன. தொலைவிலிருந்து தட்டும் ஒரு தவறான கட்டளை, தட்டியவரின் சொந்த இணைப்பையே அறுத்துவிட்டால், அதனைச் சரிசெய்ய மடிக்கணினியும் கன்சோல் கம்பிவடமும் கொண்டு ஒருவர் மலைச்சாலையில் ஏறிச் செல்ல வேண்டியிருக்கும்.

இதற்கெனக் கட்டளைவரியிலேயே சில பாதுகாப்புகள் உள்ளன. ஜூனிப்பர் கருவிகளில் கமிட் கன்ஃபர்ம்டு என்னும் கட்டளை, மாற்றத்தைத் தற்காலிகமாக மட்டும் நடைமுறைப்படுத்தும். 10 நிமிடங்களுக்குள் நிருவாகி மீண்டும் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைவடிவம் தானே திரும்பும். சிஸ்கோ கருவிகளில் மாற்றம் செய்யும் முன் ரீலோட் இன் 10 எனத் தட்டி வைப்பதுண்டு. இணைப்பு அறுந்தால் 10 நிமிடங்களில் அடுக்கு மறுதொடக்கம் ஆகி, சேமிக்கப்பட்ட பழைய அமைவடிவத்துக்குத் திரும்பும். மாற்றம் சரியாக அமைந்தால் ரீலோட் கேன்சல் என்னும் கட்டளையால் மறுதொடக்கத்தை நிறுத்திய பின்னரே சேமிக்க வேண்டும். நிறுத்த மறந்தால், நன்றாக இயங்கும் அடுக்கு பத்தாம் நிமிடத்தில் தானே அணைந்து மீளும்.

நன்மைகள்

- ஒரே இடத்திலிருந்து எல்லாப் போர்ட்டுகளையும் மேலாளலாம்.
- தேவை கூடும்போது சுவிட்சுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.
- மேல்நிலைச் சுவிட்சுக்குச் செல்லும் இரண்டு இணைப்புகளை இரண்டு வேறு உறுப்புகளிலிருந்து எடுத்து ஒரே ஈதர்சேனலாக இணைக்கலாம். ஓர் உறுப்பு பழுதடைந்தாலும் மற்ற இணைப்பு நிலைத்திருக்கும்.
- தலைமைச் சுவிட்சு பழுதடைந்தாலும் அமைவடிவம் அழிவதில்லை.

குறைபாடுகள்

- எல்லா உறுப்புகளும் ஒரே மென்பொருளையும் ஒரே அமைவடிவத்தையும் பகிர்வதால், ஒன்றில் ஏற்படும் பிழை அனைத்தையும் தாக்கும்.
- மென்பொருளைப் புதுப்பிக்கும்போது பொதுவாக அடுக்கு முழுவதும் மறுதொடக்கம் ஆக வேண்டியுள்ளது.
- ஒரே நிறுவனத்தின், பெரும்பாலும் ஒரே தொடரின் சுவிட்சுகளையே சேர்க்க இயலும். அத்தொடரின் விற்பனை நிறுத்தப்பட்டால் மாற்றுச் சுவிட்சு கிடைப்பது அரிதாகும்.
- கம்பிவடங்களை இணைப்பது எளிது என்பதால், உறுப்பு எண்ணையும் முன்னுரிமையையும் திட்டமிடாமலேயே அடுக்கு அமைக்கப்படுவதுண்டு. அவ்வாறு அமைந்த அடுக்கு முதல் மின்தடை வரை குறையின்றி இயங்குவதால் பிழை வெளியே தெரிவதில்லை.

இக்காரணங்களால், ஒவ்வோர் உறுப்பின் எண்ணையும் முன்னுரிமையையும் தாளில் எழுதி ரேக்கின் கதவில் ஒட்டி வைப்பதும், சுவிட்சின் முகப்பில் உறுப்பு எண்ணைக் குறித்து வைப்பதும் நல்ல நடைமுறைகளாகக் கருதப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

- ஈதர்நெட்
- கணினி வலையமைப்பு
- கட்டளைவரி இடைமுகம்
- கண்ணாடி இழை